மிக்ஸிங், மார்ஃபிங், கோர்வை: சேர்க்கும் அதிகாரம் குறித்துச் சில குறிப்புகள்

ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலிலிருந்து இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆட்டையாம்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் நண்பர் ஒருவர், போட்டோஷாப் வகுப்புக்கான பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். "எம்.ஏ. தமிழ் படிச்சவரு, எப்படியும் கட்டுரைதானே எழுதிட்டு உக்காந்திருக்கீங்க, இதையும் எழுதிக் குடுங்க" என்றார். அவரிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். இன்னும் சிலர் முறுக்குச் சுற்றுகிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள். (வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரைத் தெரியுமென்றால் அது கைமுறுக்கால்தான்.) சேலத்திலோ திருச்செங்கோட்டிலோ ஒரு ஸ்டுடியோவில், ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட வேண்டும் என்பதற்கு மேல் யாருக்கும் பெரிய கனவு கிடையாது. ஆங்கிலக் குறிப்பைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். கை பழகிவிடுகிறது. என்ன செய்கிறோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதற்காகத்தான் தமிழ்.

லேயருக்கு அடுக்கு என்று எழுதினேன். மாஸ்க் என்பதை முகமூடி என்றால் தப்பாகப் போகும், திரை என்று வைத்துக்கொண்டேன். ஃபெதருக்கு இறகு என்று எழுதியிருந்தால் பிள்ளைகள் சிரித்திருப்பார்கள், 'ஓரத்தை மங்கவைத்தல்' என்று விளக்கமாகவே எழுதிவிட்டேன். பிளெண்டிங் என்ற இடத்தில் கை நின்றது. கலத்தல், கலப்பு என்றுதான் எழுத வேண்டும். ஆனால் இந்தப் பக்கத்தில் கலப்பு என்ற சொல் எங்கெங்கே புழங்குகிறது? எண்ணெயில் கலப்படம். மனிதரில் கலப்பு மணம். முன்னது குற்றம், பின்னது பலர் கண்ணில் குற்றத்தைவிடப் பெரிய குற்றம். மாட்டில் மட்டும் கலப்பினம் என்றால் கூடுதல் விலைக்குப் போகும். ஒரு மென்பொருள் பாடத்தில் எழுதவேண்டிய சாதாரணச் சொல்லுக்குள் இத்தனை சாதி உட்கார்ந்திருக்கிறது.

பிள்ளைகளிடமே கேட்டேன். "மிக்ஸிங்னே போடுங்க சார், அதுதான் எல்லாருக்கும் தெரியும்" என்றார்கள். ஸ்டுடியோக்காரர்கள் ரொம்ப காலமாகச் சொல்லி வருகிற சொல் அது. ஆனால் இதே வேலைக்கு நம்மிடம் இன்னொரு பெயரும் இருக்கிறது. அது பத்திரிகைகளிலும் போலீஸ் புகார்களிலும் வரும்: மார்ஃபிங். (ஒரு உருவம் படிப்படியாக இன்னொன்றாக மாறுகிற சினிமாத் தந்திரத்துக்குத்தான் உண்மையில் அந்தப் பெயர். தலையை வெட்டி வேறு உடம்பில் ஒட்டுவதற்கு அதை வைத்தது நம் செய்தியாளர்கள்.) மிக்ஸிங், மார்ஃபிங் இரண்டுக்கும் கருவி ஒன்று, செய்முறை ஒன்று, எடுத்துக்கொள்ளும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. ஒன்றுக்குக் கூலி, மற்றொன்றுக்குச் சிறை. வேறுபாடு கணினிக்குள் இல்லை. அப்புறம் எங்கே இருக்கிறது?

2

வகுப்பில் சொல்லித்தரப்படுவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் விமர்சகர்கள் பிம்பம், பிம்ப அரசியல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். பிம்பம் எந்த மேசையில் எப்படித் தயாராகிறது என்று போய்ப் பார்த்தவர்கள் குறைவு. நானும் இதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டு படங்களைத் திறக்க வேண்டும். முதல் படத்திலிருந்து ஆளை வெட்டி எடுக்க வேண்டும். இதற்குக் 'கட்டிங் போடுறது' என்று பெயர். பென் டூலை வைத்து, ஓரமாகப் புள்ளி புள்ளியாக நட்டுக்கொண்டே போவது. தலைமுடி வரும் இடத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள். வெட்டிய ஆளை இரண்டாவது படத்தின் மேல் தனி அடுக்காக வைத்ததும், வேற்றாளாகத் தெரிவார். இனிமேல்தான் வேலை. ஓரத்தை ஒன்றிரண்டு பிக்ஸல் மங்கவைக்க வேண்டும். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறதா வலப்பக்கமிருந்தா பார்க்க வேண்டும். தரையில் நிழல் போட வேண்டும். பழைய படத்தில் புள்ளி புள்ளியாகக் கரகரப்பு இருந்தால் புதிதிலும் அதைச் சேர்க்க வேண்டும். திரையில் கறுப்பைத் தீட்டினால் அந்த இடம் மறையும், வெள்ளையைத் தீட்டினால் தெரியும், சாம்பலைத் தீட்டினால் பாதி தெரியும். "கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்" என்று மாஸ்டர் சூத்திரமாகவே சொல்லித் தருகிறார். கணக்கு வசதிக்காக வைத்த விதிதான் அது. ஆனால் அடுத்த மணி நேரத்துப் பாடம் 'ஸ்கின் டச்சப்'. மணப்பெண்ணின் முகத்தை மாவு நிறத்துக்குக் கொண்டு வருவது. அதைப் பார்த்த பிறகு அந்தச் சூத்திரம் என் காதில் வேறு மாதிரி ஒலித்தது. 1994 ஜூனில் அமெரிக்க 'டைம்' இதழ், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓ.ஜே. சிம்ப்சனின் படத்தைக் கூடுதலாகக் கறுப்பாக்கி அட்டையில் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது. வெளுக்க வைத்தால் சேவை, கறுக்க வைத்தால் குற்றவாளி. கருவி அதேதான்.

மார்க் போடுகிற நேரத்தில் மாஸ்டர் திரைக்கு அருகே குனிந்து ஒன்றைத்தான் தேடுகிறார்: ஒட்டு. ஒட்டுத் தெரிந்தால் தோல்வி. தெரியாவிட்டால் பாஸ். அதாவது, ஒரு மாணவர் மூன்று மணி நேரம் உழைத்து, தான் உழைத்ததே தெரியாதபடி செய்துவிட வேண்டும். உழைப்பை மறைப்பதற்கான உழைப்பு. சரக்கு பற்றிய மார்க்சின் வாதத்தை இதைவிடச் சுலபமாக விளக்கும் செய்முறை வகுப்பு வேறு இருக்க முடியாது.

இன்னொரு விதியும் உண்டு, அது புத்தகத்தில் இல்லை, வாய்மொழியாக வருவது. "கஸ்டமருக்கு ஜேபெக் மட்டும் குடு. பிஎஸ்டி குடுக்காத." 1990இல் வெளிவந்த போட்டோஷாப்பில் அடுக்குகள் என்ற வசதி 1994இல் மூன்றாம் பதிப்போடுதான் வந்தது. அதற்கு முன் ஒட்டியது ஒட்டியதுதான், பிரிக்க முடியாது. அடுக்குகள் வந்த பிறகு, யார் எங்கிருந்து வந்தார்கள், எது எதற்கு மேல் வைக்கப்பட்டது என்ற வரலாறு பிஎஸ்டி கோப்பில் அப்படியே இருக்கும். ஜேபெக்காக மாற்றும்போது எல்லா அடுக்கும் தட்டையாகிவிடும். வரலாறு கடையில் தங்கிவிடுகிறது. வெளியே போவது 'நடந்தது' போலத் தோன்றும் ஒரு படம் மட்டும்.

3

இதையெல்லாம் வைத்து, கணினி வந்துதான் படம் பொய் சொல்லத் தொடங்கியது என்று எழுதினால் அது அறியாமை. 1857இல் ரெய்லாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். அடுத்த ஆண்டே ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து, சாகக் கிடக்கும் ஒரு பெண்ணைச் சுற்றிக் குடும்பம் நிற்பதாகப் படம் செய்தார். ஒட்டுப் படத்துக்கு வயது நூற்று அறுபதுக்கு மேல். கிறிஸ்டபர் பின்னி 1997இல் வெளியிட்ட 'கேமரா இண்டிகா' நூலில், மத்தியப் பிரதேசத்து நாக்தா நகர ஸ்டுடியோக்களில் மக்கள் இரட்டை வேடத்தில் தோன்றியதையும் வெவ்வேறு படங்களை ஒன்றாக்கியதையும் விரிவாக எழுதியிருக்கிறார். நம்மூர் ஸ்டுடியோக்களிலும் பென்சிலால் நெகட்டிவ் மேல் டச்சப் செய்வது, வெட்டி ஒட்டி மறுபடி படம் பிடிப்பது எல்லாம் கணினிக்கு முன்பே இருந்த கைவேலைகள்தான்.

அதில் அதிகம் கேட்கப்பட்டது, இன்றும் கேட்கப்படுவது, செத்தவரைக் குடும்பப் படத்தில் சேர்ப்பது. வகுப்பிலும் அதுதான் முதல் பயிற்சி. ஒரு பெண் தன் பாட்டியின் வாக்காளர் அடையாள அட்டையைக் கொண்டு வந்திருந்தாள். பாட்டிக்கு அதைத் தவிர வேறு படமே கிடையாதாம். அதிலிருந்த முகத்தை எடுத்துப் பெரிதாக்கி, வேறு யாருடைய உடம்பிலோ வைத்து, அண்ணன் கல்யாணப் படத்தில் தாத்தாவின் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அரசாங்கம் எண்ணிக்கைக்காக எடுத்த ஒரு படம் குடும்பத்துக்குள் திரும்பி வரும் வழி இது. ஏழை வீடுகளில் கிழவிகளுக்கு மிஞ்சுகிற ஒரே படம் அரசு எடுத்ததுதான் என்பதும் நம் புகைப்பட வரலாற்றில் சேர வேண்டிய செய்தி.

'அது அங்கே இருந்தது' என்று சொல்வதே புகைப்படத்தின் சாரம் என்று ரொலாண் பார்த் 1980இல் எழுதினார். தாயின் மரணத்துக்குப் பிறகு எழுதிய புத்தகம் அது. ஆனால் நம் பாட்டிகளின் படம் 'இருந்தாள்' என்று சொல்வதில்லை. 'இருந்திருக்க வேண்டும்' என்று சொல்கிறது. தமிழில் இதற்கு ஒரு வினைமுற்றே இருக்கிறது, ஒளிப்படத்துக்குத்தான் இல்லை. அந்த வீட்டில் யாரும் ஏமாறவில்லை. ஒட்டு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஒட்டு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒட்டை மறைப்பது தன்னளவில் பொய் ஆகிவிடாது. இந்த இடத்தில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லும் யதார்த்தவாத விமர்சனத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை.

4

ஸ்டுடியோவிலிருந்து ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனால் கணக்கு மாறுகிறது. அங்கே படத்தின் அழகைவிட அளவு முக்கியம். தலைவர் முகம் எவ்வளவு, மாவட்டத்தின் முகம் எவ்வளவு, கீழே தபால்தலை மாதிரி வரிசையாக வரும் கிளைக் கழக முகங்கள் எவ்வளவு என்பதெல்லாம் தொட்டால் தீப்பிடிக்கிற விஷயம். ஊர் நோம்பிக்கு வைக்கிற பேனரில் எந்தத் தெருக்காரர் முகம் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதற்கு எழுதப்படாத சட்டம் இருக்கிறது. டிசைன் செய்கிற பையனுக்கு அது பத்தே நாளில் மனப்பாடமாகிவிடுகிறது. போட்டோஷாப்பின் அடுக்குப் பட்டியலைப் பார்த்தால் ஊரின் அடுக்குப் பட்டியல்தான்.

நீக்குவதும் அங்கே சுலபம். லேயர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு கண் வரைந்திருக்கும். அதை அழுத்தினால் ஆள் மறைந்துவிடுவார். 1940இல் சுட்டுக் கொல்லப்பட்ட எஷோவை ஸ்டாலின் பக்கத்திலிருந்து அழித்த ரஷ்ய டச்சப்காரர்கள் தண்ணீரை வரைந்து நிரப்ப வேண்டியிருந்தது. 2017 ஏப்ரலில் அ.தி.மு.க. தலைமை அலுவலகத்திலிருந்து சசிகலா படம் போட்ட பேனர்கள் இறங்கின. அந்த ஆண்டு தமிழ்நாட்டு ஃப்ளெக்ஸ் கடைகளில் எத்தனை கண்கள் மூடப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே வித்தையை எதிர்த்திசையிலும் பயன்படுத்துகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். சேரிப் பையன்கள் கோட்டு சூட்டோடு நிற்கும் அம்பேத்கருக்குப் பக்கத்தில் தங்களை நிறுத்தி அடித்துக்கொள்ளும் பேனர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். 'இருந்திருக்க வேண்டும்' என்கிற அதே வினைமுற்று. பாட்டி படத்தில் அது துக்கம், இங்கே உரிமைக் கோரல். அந்தப் பேனர்கள்தான் கிழிக்கப்படுகின்றன என்பது அவற்றின் வலிமைக்குச் சாட்சி.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது இரண்டு ஒட்டுப் படங்கள் வந்தன. ஒன்று, 'பாகுபலி' படக் காட்சியைப் போல ஜெயலலிதா வெள்ளத்துக்கு மேலே குழந்தையைத் தூக்கிப் பிடித்திருக்கும் பேனர். நாடே சிரித்தது. இன்னொன்று, டிசம்பர் 3 அன்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது: விமானச் சன்னல் வழியாகப் பிரதமர் வெள்ளத்தைப் பார்க்கிறார். சன்னலில் தெரிவது வேறொரு படம். அதற்கும் சிரித்தார்கள். படத்தை நீக்கிவிட்டு, இரண்டு படங்களை இணைத்து வெளியிட்டது தவறு என்று அந்த அலுவலகம் வருத்தம் தெரிவித்தது. நம் வகுப்பில் இரண்டாவது வாரம் செய்கிற பயிற்சிதான் அது: சன்னல் கண்ணாடியைச் செலக்ட் பண்ணு, வெளியே வேறு காட்சியை வை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சிரித்தது நம் தவறு என்று இப்போது நினைக்கிறேன். பேனர் தான் பேனர் என்று ஒத்துக்கொண்டுதான் பொய் சொன்னது. அது பக்தி, அசட்டுத்தனம், அடிமைத்தனம், எல்லாமும்தான், ஆனால் செய்தி என்று சொல்லிக்கொள்ளவில்லை. அரசு வெளியிட்டது செய்திப் படம். ஒட்டை மறைக்க அதற்கு அதிகாரமும் இருந்தது, அதை நம்ப வேண்டிய கட்டாயமும் பார்ப்பவர்களுக்கு இருந்தது. (பேனர் என்பது வெறும் பிம்பம் அல்ல என்பதையும் நாம் 2019இல் கற்றோம். செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் பொறியாளர் மேல் விழுந்தது ஒரு கல்யாணப் பேனர். அவர் பின்னால் வந்த லாரியில் சிக்கி இறந்தார்.)

5

இனி எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை. ஆனால் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதாமல் போட்டோஷாப் பற்றி எழுதுவது அயோக்கியத்தனம்.

ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது இளம்பிள்ளை. சேலைக்குப் பேர்போன தறி ஊர். 2016 ஜூனில் அந்த ஊரைச் சேர்ந்த 21 வயதுப் பட்டதாரிப் பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி ஒருவன் முகநூலில் போட்டான். குடும்பம் போலீசுக்குப் போனது. விசாரணை இழுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு படமும் வந்தது. ஜூன் 27 அன்று அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பிறகுதான் எல்லாம் வேகமாக நடந்தது. இளைஞன் ஒருவன் கைதானான். தன்னை மறுத்ததற்காக அவன் செய்ததாகப் போலீஸ் சொன்னது. புகாரை விசாரித்த பிரிவின் மேல் லஞ்சக் குற்றச்சாட்டு எழுந்தது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் எழுதி வைத்த கடிதத்தைப் பத்திரிகைகள் வெளியிட்டன. பெற்றவர்களே தன்னை நம்பவில்லை என்ற வேதனை அதில் இருந்தது.

போலீஸ் நம்பாதது எனக்கு ஆச்சரியமில்லை. பெற்றவர்கள் ஏன் நம்பவில்லை? அவர்களைக் குற்றம் சாட்ட இதைக் கேட்கவில்லை. அவர்கள் கண்ணுக்கு யார் பாடம் சொல்லித் தந்தார்கள்? கல்யாண வீட்டில் செத்த பாட்டி நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்தான் அது. எல்லாக் கட்சிப் பேனரையும் பார்த்துச் சிரித்துப் பழகிய கண்தான். அந்தக் கண்ணே, மகள் படம் என்றதும் ஒட்டைத் தேடவில்லை. ஏனென்றால் பார்த்தது கண் இல்லை. மானம் என்று நாம் பேர் வைத்திருக்கிற ஒன்றுதான் பார்த்தது. பெண் விஷயத்தில் எதையும் நம்பிவிடத் தயாராக இருக்கும் ஊர், ஒட்டு எவ்வளவு மோசமாக இருந்தாலும் நம்பும். மார்ஃபிங் செய்கிறவனுக்கு இது தெரியும். மாஸ்டரிடம் அவன் பாஸ் மார்க் வாங்க வேண்டியதில்லை. ஃபெதர் செய்கிற வேலையை ஊரே செய்து தந்துவிடுகிறது.

மறுத்தவளைப் படத்திலாவது தன் இஷ்டத்துக்குச் சேர்ப்பேன் என்பதுதான் அந்தப் படம் சொன்னது. இந்த இடத்தில்தான் மிக்ஸிங்குக்கும் மார்ஃபிங்குக்கும் உள்ள கோடு எனக்குத் தெரியத் தொடங்கியது. உண்மை, பொய் என்ற கோடு அல்ல. பாட்டி படமும் பொய்தான், அம்பேத்கர் பேனரும் பொய்தான். யாரை யாரோடு சேர்ப்பது என்ற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கோடு.

இந்தச் சமூகத்துக்கு அது புதிய கேள்வி அல்ல. சாதி என்பதே யார் யாரோடு சேரலாம் என்ற அதிகாரம்தான். திருச்செங்கோட்டு மலையில் இருப்பது பாதி ஆண், பாதி பெண்ணான அர்த்தநாரீஸ்வரர். ஒரு பக்கம் வேட்டி, ஒரு பக்கம் சேலை, நடுவில் ஒட்டு. ஒட்டை மறைக்காத தெய்வம். சேர்ந்திருப்பதைக் கும்பிட ஆயிரம் பேர் ஏறுகிற அந்த மலைக்கோயிலில்தான் 2015 ஜூன் 23 அன்று, பொறியியல் முடித்த தலித் இளைஞர் ஒருவர் வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காகக் கடத்தப்பட்டார். மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். வழக்கில் 2022இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கோயில் கேமராவில் பதிந்த காட்சி அந்த வழக்கில் முக்கியமாகப் பேசப்பட்டது. அது ஒட்டாத படம். இரண்டு பேர் ஒன்றாக நடந்தது உண்மை என்று சொன்ன படம். கொன்றவர்களுக்கு அந்த உண்மைதான் தாங்கவில்லை. ஓராண்டு இடைவெளியில், பக்கத்துப் பக்கத்து ஊர்களில், ஒரு பொய்யான சேர்க்கையும் ஒரு மெய்யான சேர்க்கையும் இரண்டு உயிர்களைக் குடித்திருக்கின்றன. கலப்பு என்ற சொல்லைப் பாடக் குறிப்பில் எழுதக் கை நின்றதற்குக் காரணம் வெறும் சொல்லாக்கச் சிக்கல் இல்லை.

6

முதலில் நான் நினைத்தது சுலபமாக இருந்தது. ஒட்டை மறைக்கச் சொல்லித் தருகிற வகுப்பு ஒட்டைப் பார்க்கவும் சொல்லித் தரட்டும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளிடம் கோர்வை பற்றிப் பேசினேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி ஊடை, மூன்று நாடா. உடலும் கரையும் சந்திக்கிற இடத்தில் இழையும் இழையும் கோர்த்துக்கொள்ள வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்குப் பேர் வாங்கித் தந்த வேலை அது. சேலையைத் திருப்பிப் பார்க்கிற கிழவிகள் அந்தக் கோர்வையைத்தான் விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஒட்டுத் தெரிந்தால் தோல்வி என்பது போட்டோஷாப் வகுப்பு. ஒட்டைக் காட்டித்தான் விலை சொல்ல முடியும் என்பது தறி. ஜெர்மனியில் ஹார்ட்ஃபீல்ட் 1932இல் ஹிட்லரின் முதுகெலும்பாகத் தங்கக் காசுகளை அடுக்கி எக்ஸ்ரே போலப் படம் செய்தார். மிகச் சுத்தமான வேலை. ஆனால் காசு ஒருவர் வயிற்றுக்குள் இப்படி அடுக்கியிருக்காது என்று பார்க்கிறவருக்குத் தெரியும், தெரிந்தால்தான் படம் பேசும். அதுவும் கோர்வைதான்.

ஆக, முடிந்த ஒரு படத்தைக் கொடுத்து அதைப் பிரித்துக் காட்டச் சொல்லும் பாடம் ஒன்று எழுதினேன். நிழல் எந்தப் பக்கம், கழுத்துக்கும் முகத்துக்கும் நிறம் ஒன்றா, காதோரத்தில் முடி ஏன் வெட்டினாற்போல நிற்கிறது. பெற்றோர்களையும் ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்து, மகன் மகளே செய்து காட்டட்டும் என்று எழுதினேன். நண்பர் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா பொய்யக் கண்டுபுடிக்கறதுக்கு எவன் ஃபீஸ் கட்டுவான்?" என்றார். அவர் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம்.

பெண்கள் அமைப்பு ஒன்றில் வேலை செய்யும் தோழி கேட்டதற்குத்தான் பதில் இல்லாமல் போனது. "ஒட்டுன படம்னு நிரூபிச்சாத்தான் அவ பொழைக்கணுமா? ஒட்டாத படமா இருந்தா? நெசமாவே அவ படமா இருந்தா? அப்ப செத்துப் போலாமா?" என்றார். என் பாடம் முழுவதும் இந்தக் கேள்விக்கு முன்னால் சரிந்துவிட்டது. ஒட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருவதன் மூலம், பெண் தன்னை நிரபராதி என்று நிரூபிக்க வேண்டும் என்கிற பழைய தீக்குளிப்பையே நான் கணினி வைத்து நடத்தப் பார்த்திருக்கிறேன். மானம் என்ற கட்டமைப்பைத் தொடாமல், அதற்கு ஒரு நல்ல பூதக்கண்ணாடி வாங்கித் தந்திருக்கிறேன்.

அது மட்டுமில்லை. ஒட்டு என்பதே இனி எத்தனை நாளைக்கு? 2023இல் போட்டோஷாப்பிலேயே, வேண்டியதை வார்த்தையில் எழுதிக் கேட்டால் இல்லாததை உருவாக்கி நிரப்பும் வசதி வந்துவிட்டது. வெட்டவும் வேண்டாம் ஒட்டவும் வேண்டாம். நிழலை அதுவே போட்டுத் தருகிறது. இந்தப் பிள்ளைகள் மாதக்கணக்கில் பழகும் கைவேலையின் ஆயுளே சந்தேகத்தில் இருக்கிறது. காதோரத்து முடியைப் பார்க்கச் சொன்ன என் பாடம் அச்சாகும் முன்பே பழசு. ஒட்டைத் தேடும் கண்ணால் மட்டும் இனி ஒன்றும் ஆகாது. மிஞ்சுகிறது அந்த இன்னொரு கேள்விதான்: இவரை இங்கே கொண்டு வந்து நிறுத்த உனக்கு யார் சொன்னது? தன் முகத்தின் மேல் ஒருத்திக்கு உள்ள அதிகாரம், படம் நிஜமா பொய்யா என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. அதைக் கருவியைச் சொல்லித் தரும் அதே மேசையில், பென் டூலைத் தொடும் முன்பே கேட்கப் பழக்க முடியுமா என்பதுதான் இப்போது என் முன்னால் இருப்பது.

குறிப்பைத் திருத்தி எழுதினேன். பிரித்துப் பார்க்கும் பாடத்தை எடுத்துவிடவில்லை, பின்னால் தள்ளினேன். பிளெண்டிங் என்ற இடத்தில் கலப்பு என்றே எழுதினேன். அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்க மனசில்லை. முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: படத்தில் இருப்பவரைக் கேட்டாயிற்றா? மாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை, "இதென்ன சார் நீதி போதனை வகுப்பா" என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வாக்காளர் அட்டையோடு வந்த பெண் அந்த வரியைப் படித்துவிட்டு, "பாட்டி செத்து மூணு வருசம் ஆச்சுங்க சார். யாரைக் கேக்கறது?" என்றாள். அம்மாவைக் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். அடுத்த வாரம் வந்தாள்.

"பாட்டிக்கு போட்டோ புடிக்கறதே ஆவாதாம் சார். ஆனா தாத்தா பக்கத்துல மட்டும் வேண்டாமாம். எம் பக்கத்துல நிக்க வெச்சா ஒண்ணும் சொல்லாதுன்னு அம்மா சொல்லுது."